ரிலீவர் வந்த நேரம்

பிரபு, உன் பைக்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாய். பெட்ரோல் கொஞ்சம் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, சீட்டின் மேல் உன் பழைய லுங்கியைப் போர்த்தி வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு ஓசை இல்லாததால் அந்த ஐந்து நிமிடம் எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. நித்யா அவள் அம்மா வீட்டுக்குத் திருநின்றவூர் போய் மூன்று வாரம் ஆகிறது. ஏழாவது மாதம் முடிந்ததும் போவதாகத்தான் ஏற்பாடு, ஆனால் அப்படிச் சீர் செய்து வழியனுப்பிப் போகவில்லை, கோபித்துக்கொண்டு போனாள். நான் மூன்று இட்லி ஊற்றப் போய் பழக்கதோஷத்தில் ஆறு ஊற்றிவிட்டு, மீதியை ராத்திரிக்கு உதிர்த்துத் தாளித்துத் தின்கிறேன். யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அத்திப்பட்டு ஸ்டேஷன் வரை நடந்து போய், கும்மிடிப்பூண்டி லோக்கலில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பெரும்பாலும் யாரிடமும் பேசாமலேயே திரும்பி வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊரறிய எழுதக் காரணம், நான் ஊரறியப் பேசியதுதான். நீ ஐ.நா. படையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் அந்த நாட்டில் சண்டை மறுபடி மூண்டதும், விமான நிலையத்தை மூடிவிட்டதும், உங்களை மாற்ற வரவேண்டிய படைப்பிரிவு வர முடியாமல் நிற்பதும் இங்கே டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. நம் வீரர்களை உடனே திரும்ப அழைக்க வேண்டுமா, மாற்றுப்படை வரும்வரை அங்கேயே நிறுத்த வேண்டுமா என்று தினமும் சாயங்காலம் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். ஒருநாள் டிவிக்காரர்களே நம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அங்கே இருக்கும் ஒரு வீரனின் அப்பா இங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மைக் பிடித்த பெண்ணுக்கு நித்யா வயதுதான் இருக்கும். "சார், உங்க பையன் உடனே திரும்பி வரணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

நான் அழவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, முப்பத்து நான்கு வருடம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பேனலில் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான் என்று ஆரம்பித்தேன். "எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கும்மா. எட்டு மணி நேரம் முடிஞ்சிடுச்சின்னு எழுந்து போவ முடியாது. ரிலீவர் வரணும். வந்து, பேனலைப் பாத்து, லாக்புக்குல கையெழுத்துப் போட்டப்புறம்தான் சீட்ட விட்டு எழுந்திரிக்கணும். என் சம்சாரம் ஆஸ்பத்திரியில சாவக் கெடந்தப்பகூட ரிலீவர் வராம நான் எழுந்திரிக்கல. என் பையனும் அப்படித்தான். மாத்தறதுக்கு ஆளு வராம அவன் வரக்கூடாது. வரமாட்டான்." இதைத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என் கையைக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஒரு நிமிட வீடியோ எல்லார் கைபேசிக்கும் போனது. மீஞ்சூர் மார்க்கெட்டில் கறிகாய்க்காரம்மா கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தாள். ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் அந்த வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். கடைசி வாக்கியத்தில் என் குரல் கொஞ்சம் இறங்குகிறதே, அந்த இடம் வருவதற்காகவே பார்ப்பேன். ஸ்டேஷன் எதிரில் இருக்கும் டீக்கடையில் என்னை வைத்தே தினமும் பட்டிமன்றம் நடந்தது. கான்ட்ராக்டில் வெல்டிங் பார்க்கும் ஏழுமலை மட்டும் மடக்கினான். "அவனுங்க ஊர் சண்டைய அவனுங்க பாத்துக்கட்டும்ணா. நம்ம ஊட்டுப் பசங்க நடுவுல போய் நின்னுகினு இன்னாத்துக்கு அடி வாங்கணும்? நீ டிவியில பேர் வாங்கினியே, பையன கேட்டியா?" என்றான். மற்றவர்கள் அவனை அதட்டி உட்காரவைத்தார்கள். நான் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு டீ குடித்தேன். பையனைக் கேட்டியா என்று அவன் கேட்டானே, அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

நீ போன் செய்தாய். லைன் விட்டுவிட்டு வந்தது. நித்யா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் மேஜர் உனக்கு லீவு தருகிறேன் என்கிறார், மனைவிக்குப் பிரசவம் என்று எழுதிக்கொடுத்தால் போதும், வியாழக்கிழமைதோறும் போகும் ஹெலிகாப்டரில் பக்கத்து நாட்டுக்கு வந்து அங்கிருந்து விமானம் ஏறிவிடலாம் என்றாய். உன்னோடு இருக்கும் ராஜஸ்தான் பையன், "உன் போஸ்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு" என்று கூடச் சொன்னானாம். நித்யா முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மூச்சிலேயே நீ, "ஆனா நான் வேணாம்னு சொல்லிட்டேன். வேலிக்கு வெளிய சனங்க படுத்துகினு இருக்காங்க, இந்த நேரத்துல வர்றது சரியில்ல. நைனாதான் டிவியில சொன்னாரே. இங்க எல்லாரும் பாத்தாங்க. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்திச்சி" என்றாய். நித்யா போனை என் மடியில் இருந்த கீரைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் உன்னிடம், "சரிப்பா, உடம்பப் பாத்துக்க" என்றேன்.

மறுநாள் காலை அவள் பெட்டியைக் கட்டினாள். "நீங்க பேசுனது அவருக்கு ஆர்டர் மாதிரி ஆயிடுச்சி மாமா. மேஜரே போன்னு சொல்றாரு, உங்க ஆர்டர்தான் போவ விடல" என்றாள். ஆட்டோ வரும்வரை வாசலில் நின்றாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்கள் முதல் குழந்தை எட்டாவது மாதத்தில் தங்காமல் போனபோது நீ கூட இருந்தாய். இந்த முறை தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் கையில் அந்தப் பழைய ஸ்கேன் ஃபைலையும் எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கே புரிந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா, ஐந்து வயதில் உனக்கு ஒரு விளையாட்டு. சுவரில் சாக்பீஸால் வட்ட வட்டமாக மீட்டர் வரைந்துவிட்டு, அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாய். சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாய். ரிலீவர் வரவில்லை என்பாய். உன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவரை ஒரு பார்வை பார்த்து, "எல்லாம் நார்மல். சார்ஜ் எடுத்துக்கினேன் சார், நீங்க போய்த் துன்னுங்க" என்று சல்யூட் அடிப்பாள். அப்புறம்தான் நீ தட்டுக்கு வருவாய். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் நிஜமாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், எழுந்தால் நீ கத்துவாய். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. நான் அதைப் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பேன். என் பிள்ளை என் வேலையைக் கற்றுக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

இனி சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி. பதினாறு வருடமாக நீ நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

உன் அம்மாவுக்குக் காமாலை முற்றி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாய். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளிக்கு லீவு போட்டுட்டு இங்கியே இரேன்" என்றாள். இருக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை விடிகாலையில் எழுந்து, காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு நீ கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாய். "நைனா, அம்மா மூச்சு வாங்குது. உன்னத்தான் கேட்டுகினே இருக்குது. சீக்கிரம் வா" என்றாய். ரிலீவர் வந்தால் வருகிறேன் என்றேன். என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷிஃப்ட் இன்ஜினியர், என் கையிலிருந்து போனை வாங்கி, "தம்பி, காதர் பாய வரச் சொல்றேன். அவரு வந்தவுடனே உங்கப்பாவ அனுப்பிடறேன்" என்று உன்னிடம் சொன்னார். அதனால்தான் நீ காதர் பாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு காத்திருந்தாய்.

அடுத்த ஷிஃப்டுக்கு எனக்கு ரிலீவர் காதர் பாய்தான். இரண்டு மணிக்கு வந்தால் போதும் அவருக்கு. பழவேற்காட்டில் குளித்து, புதுக் கைலி கட்டி, ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், இன்ஜினியர் போன் செய்ததும் அப்படியே கால்சட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். பன்னிரண்டு பத்துக்கு கண்ட்ரோல் ரூமுக்குள் வந்தார். அத்தர் வாசனை அறை முழுக்கப் பரவியது. வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிட்டு வந்தவர், மூச்சு இரைக்க என் தோளைத் தட்டி, "எழுந்துக்கோ. நான் பாத்துக்கறேன். ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர்ல யாரையாவது உட்டுட்டு வரச் சொல்றேன்" என்றார். லாக்புக்கைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவையும் திறந்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. நிலக்கரி அரைக்கும் ஒரு மில்லில் கரி சரியாக விழவில்லை, லோடு ஏறி இறங்குகிறது, அதைச் சரிப்படுத்திவிட்டுப் போகிறேன் என்றேன். உண்மையில் அது சின்னக் கோளாறு, காதர் பாய் இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருப்பார், எனக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தவர். பத்து நிமிடம் கழித்து மறுபடி சொன்னார். இன்னும் பத்து நிமிடம் என்றேன். அப்புறம் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் எழுந்தேன். பன்னிரண்டு பத்துக்கு எழுந்திருந்தால் ஒன்றரைக்கு வார்டுக்கு வந்திருப்பேன். நான் படியேறி வந்தது மூன்றே காலுக்கு. அவள் இரண்டு நாற்பதுக்குப் போய்விட்டாள் என்று நீதான் சொன்னாய். "காதர் மாமா வரலியா நைனா?" என்று கேட்டாய். உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "வரலடா. ரெண்டு மணிக்குத்தான் வந்தாரு" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடத்தில் எனக்குள்ளேயே பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடமை என்றேன், பழக்கம் என்றேன், அதிர்ச்சி என்றேன். எல்லாம் மழுப்பல். பயந்தேன், அவ்வளவுதான். பேனலில் முள் ஏறினால் ஒரு குமிழைத் திருகினால் இறங்கும். இறங்கினால், மறுபக்கம் திருகினால் ஏறும். அந்த ஆஸ்பத்திரியில் என் கை சொன்னபடி எதுவுமே கேட்கவில்லை. அவள் முகம் மஞ்சளாக வீங்கி, வேறு யாரோபோல ஆகிவிட்டிருந்தது. அவள் சாவதைப் பார்க்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பார்க்காமல் இருப்பதற்கு நல்ல பெயரோடு ஓர் இடம் கிடைத்தது, அதில் ஒட்டிக்கொண்டேன். நான் பார்க்கப் பயந்ததைப் பதினைந்து வயதில் நீ ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்தாய். அதற்கு நான் உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. காரியத்தன்று காதர் பாய் வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாய். "சொல்லி அனுப்பியும் நேரத்துக்கு வரல, மனுசனா இவன்" என்று உன் அத்தை அவர் காதுபடச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து காலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த பிரியாணியை நீ தொடவில்லை. உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும்போது, "அந்தாளு மட்டும் வரக்கூடாது" என்றாய். சரி என்றேன். என்னோடு இருபத்தைந்து வருடம் ஒரே பேனலில் மாறி மாறி உட்கார்ந்தவருக்கு என் ஒரே மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நீ பட்டாளத்தில் சேர்ந்த பிறகு என் கதையை உன் சினேகிதர்களிடம் சொல்வாய் என்று நித்யா ஒருமுறை சொன்னாள். எங்க நைனா ரிலீவர் வராம எழுந்திரிக்காத ஆளு என்று. அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். வாயு என்று சொன்னேன்.

போன வாரம் நான் முதலில் திருநின்றவூருக்குப் போனேன். சென்ட்ரலில் இறங்கி, அரக்கோணம் லோக்கல் மாறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். நித்யா ஜன்னலோரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், கால் வீங்கியிருக்கிறது. அவளிடம்தான் முதலில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "டிவியில மட்டும் எப்டி மாமா அவ்ளோ கோர்வையா பேசுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். "பிரபுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேம்மா" என்றேன். "வேணாம். போன்ல பேசுனா மழுப்புவீங்க. எழுதுங்க. நீங்க எல்லார் முன்னாடியும் பேசுனீங்க இல்ல, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றாள். கிளம்பும்போது அவள் அம்மா கொடுத்த காப்பியை அவள்தான் ஆற்றித் தந்தாள். ஆனால் இருங்கள் என்று சொல்லவில்லை.

மறுநாள் பொன்னேரி போய் பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனேன். காதர் பாய் மெலிந்துவிட்டார், பார்வை கொஞ்சம் மங்கல். மகனுடைய வலைக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதுமே, "இன்னாப்பா, டிவில எல்லாம் வர. பெரிய ஆளாயிட்ட" என்றார். அதாவது அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். ரிலீவர் வரவில்லை என்று நான் உலகத்துக்குச் சொன்னதை அந்த ரிலீவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் மகனைப் பார்த்து ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

"பாய், பதினாறு வருஷமா ஒரு வார்த்த கூட ஏன் சொல்லல? பையன்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இன்னான்னு சொல்றது? அன்னிக்கி நீ சரியா இருந்த குமிழையே திருகிகினு இருந்த. நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருந்தனே. நான் இழுத்துத் தள்ளிட்டாவது உன்ன அனுப்பியிருக்கணும், அதான் எனக்கு இன்ன வரைக்கும் ஆறல. தாயப் பறிகொடுத்த புள்ள கிட்ட போய், உங்க நைனா பயந்துகினு வரலன்னு சொல்லச் சொல்றியா? அவனுக்கு மீதி இருந்தது நீ ஒருத்தன்தான்."

நான் அந்தக் கடையில், வலைக் கட்டுகளுக்கு நடுவே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிவிக்காரப் பெண் எதிர்பார்த்த அழுகை அன்றுதான் வந்தது. உண்மையை எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "போடு. பன்னெண்டு பத்துன்னு டைமையும் போடு. ஜும்மாவ வுட்டுட்டு வந்தேன், அது கணக்குல வரட்டும்" என்று சிரித்தார். பிறகு, "பையன் எப்ப வரான்?" என்று கேட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டான் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்குப் பயப்படறான்னு கேட்டியா?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். ஏழுமலை அன்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஊரே உன்னைப் பற்றிப் பேசியது, இரு என்றது, வா என்றது, பெருமை என்றது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை, உன்னைப் பெற்றவனும் கேட்கவில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். போனில் நீ அன்று பேசிய தொனி எனக்குப் புதிதில்லை. இந்த நேரத்தில் வருவது சரியில்லை என்றாயே, அந்தக் குரலில்தான் நான் லோடு ஏறி இறங்குகிறது என்று சொன்னேன். முதல் குழந்தையைத் துணியில் சுற்றி உன் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நீ வராந்தாவில் நின்ற நிலையை நான் பார்த்தேன். மறுபடி அந்த வராந்தாவில் நிற்க முடியாது என்றுதான் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறாயா? அப்படி இல்லை என்றால் என்னை மன்னித்துவிடு, கிழவன் தன் புத்தியை உன்மேல் ஏற்றிப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள். அப்படித்தான் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயந்ததற்காக நான் இன்று வருந்தவில்லை. பயத்துக்குக் கடமை என்று பெயர் வைத்து, அந்தப் பெயரை உனக்கும் சொத்தாகக் கொடுத்துவிட்டேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்.

படை திரும்பி வர வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று என்னை இப்போது கேட்டால், மாற்றுப்படை வரும்வரை இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். உங்கள் முகாம் வேலியை ஒட்டி தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடக்கும் ஜனங்களைப் பற்றி நீ போன முறை சொன்னாய். காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். "நாங்க கேட்டைப் பூட்டிட்டு ஹெலிகாப்டர் ஏறிட்டா, அவங்களுக்கு ஏற ஒண்ணும் கெடையாது நைனா" என்றாய். டிவியில் கத்திய நான்கு பேரும் அவளைப் பற்றிப் பேசவில்லை, டீக்கடையில் நாங்களும் பேசவில்லை. கொடியை நம்பி வந்தவளை விட்டுவிட்டு ஒரு படை மொத்தமாக எழுந்து போகக் கூடாது. ஏழுமலை இதை ஒப்புக்கொள்ள மாட்டான், அவன் தங்கை மகனும் ராணுவத்தில் இருக்கிறான், அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ரிலீவர் சட்டம், போஸ்ட் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக. இன்ன ஆள்தான் உட்கார்ந்து சாக வேண்டும் என்பதற்காக இல்லை. உன் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான். உன் மேஜர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். சட்டப்படியே உனக்கு ரிலீவர் வந்துவிட்டான் பிரபு.

அந்த ராஜஸ்தான் பையனின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வா. அவன் பெயரை மறந்துவிடாதே, அவனைப் பற்றி வீட்டில் ஒருநாளும் தப்பாகச் சொல்லாதே. வரும் வழியில் காதர் மாமாவுக்கு ஒரு போன் செய். அவர் போன் நம்பரை நித்யாவிடம் கொடுத்திருக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் பிரபு என்று சொன்னால் போதும், மீதியை அவர் பேசிக்கொள்வார். என்னிடம் நீ பேசாமல் இருந்தாலும் சரி. கோபம் தீரும்வரை நான் இங்கே தனியாக இருந்துகொள்வேன், எனக்கு இப்போது அது பழகிவிட்டது. பழகவில்லை, சும்மா சொல்கிறேன்.

டாக்டர் அடுத்த மாதம் முதல் வாரம் என்று நாள் குறித்திருக்கிறார். நேற்று நித்யாவே போன் செய்து சொன்னாள். நான் நாளைக்கே திருநின்றவூர் போகிறேன். அவள் இருங்கள் என்று சொல்லாவிட்டாலும் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கொள்கிறேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்று பிரசவ வார்டு வாசலில் முதல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். எதைப் பார்க்க நேர்ந்தாலும் பார்ப்பேன், இந்த முறை எழுந்து ஓட மாட்டேன். ஆனால் அது என் நாற்காலி இல்லை. நீ படியேறி வந்து என் தோளைத் தட்டு. அந்த நிமிஷமே எழுந்துவிடுகிறேன்.

நைனா